முகத்துவாரப் பாடு

கோர்ட்டு வராந்தாவில் இடம் பிடிப்பதும் மார்க்கெட்டில் இடம் பிடிப்பதும் ஒன்றுதான், முதலில் கூடையை வைத்துவிட வேண்டும், பேச்சு அப்புறம். இன்றைக்குக் கூடை இல்லாமல் வந்திருக்கிறேன், கை சும்மா கிடக்கிறது, சும்மா கிடந்தால் அரிக்கிறது, சொறிந்தால் பக்கத்தில் இருக்கும் பொம்பளை புடவையை ஒதுக்கிக்கொண்டு நகர்கிறாள். நகரட்டும், எனக்கு இடம் கிடைத்தது. இது ஒட்டுவாரொட்டி இல்லை தாயே, நீ ஞாயிற்றுக்கிழமை வாங்கித் தின்கிற இறாலை ஏரிச் சேற்றில் தடவித் தடவி எடுத்த கை, இறால் பண்ணைக்காரன் மருந்துத் தண்ணீரை ஏரியில் விட ஆரம்பித்த நாளிலிருந்து இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் இன்றைக்கு யாரிடமும் வாயைக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் போட்ட டவாலி கதவுக்கு வெளியே வந்து ஒரு பேரைக் கத்துகிறார், வேறு யாரோ எழுந்து உள்ளே ஓடுகிறார்கள். லோகநாதன் இல்லை. இன்னும் இல்லை. என் மகன் லோகு அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு போனை நோண்டுகிறான், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல், நான்தான் தேய்த்துக் கொடுத்தேன், ஜெயிலுக்குப் போகிற பிள்ளைக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்த புண்ணியவதி. ஜாமீனில் இருப்பவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பெண் பார்க்க வந்தவன் மாதிரி நிற்கிறான். என் வீட்டுக்காரர் எத்திராஜு வேப்பமரத்தடியில் ஊர் ஆம்பளைகள் நடுவில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், என்ன கதை என்று இங்கிருந்தே எனக்குத் தெரியும், ஜெயிலில் களி கிண்டிய கதை. எட்டு வருஷமாக அதே களிதான், இன்னும் ஊருக்குத் திகட்டவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுக்கிறார், "இன்னாமே பவுனு, மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு உக்காந்துகினுகீற? புள்ள மாமியார் ஊட்டுக்குத்தான போறான்!" மறுபடியும் சிரிப்பு. ஊர்த் தலைவர் கோதண்டம் அண்ணன்கூட வெற்றிலை வாயோடு சிரிக்கிறார். எனக்கு எழுந்து போய் அந்த வாயைப் பொத்த வேண்டும்போல இருக்கிறது.

வக்கீலம்மா காலையில் வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார், ஆம்பளைகளிடம் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "இங்க பாருங்கம்மா, பையன் குத்தத்த ஒத்துக்கிட்டான். சின்ன வயசு, முதல் கேஸு. ஜட்ஜ் ஒரு கேள்வி கேப்பாரு, இனிமே இப்படிச் செய்வியான்னு. மாட்டேன்னு சொல்லச் சொல்லுங்க, போதும். நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாரு." ஒரு வார்த்தைதானா என்று கேட்டேன். ஒரே வார்த்தைதான் என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா சொன்னா சொன்னபடி இருக்கணும். திரும்பச் செஞ்சான்னா பழையதுக்கும் புதுசுக்கும் சேத்து உள்ள போகணும், அப்ப நானே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நல்ல பொம்பளை, காசு வாங்காமல் வாதாடுகிறார், ஆனால் அவருக்கு எங்கள் ஊரைத் தெரியாது. ஊருக்காகக் கேஸில் நிற்கிறவன் வாயில் வருவது ஊர் வாக்கு. அவன் மாட்டேன் என்றால் ஊரே மாட்டேன் என்றதாகிவிடும், ஊர் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, அப்படிச் சொன்ன வீட்டுக்கு ஏரியில் வலை போடுகிற முறை கிடையாது, படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கோழி அடைக்கலாம். ஒரு வார்த்தையில் பிள்ளை வீட்டுக்கு வருவான், அதே வார்த்தையில் வீட்டுக்குள் பட்டினியும் வரும். ஜெயில் வேண்டாம், ஏரியும் வேண்டும் என்று எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. டவாலி மறுபடி வருகிறார். இல்லை, வேறு பேர்.

எங்கள் ஊரில் இஷ்டத்துக்கு இஷ்டப்பட்ட இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று இருக்கிறது. இந்தப் பருவம் இந்த வீட்டுக்கு இந்த இடம், அடுத்த பருவம் அந்த இடம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடும், சண்டை சச்சரவு கிடையாது. எல்லாவற்றிலும் ஒசத்தி முகத்துவாரப் பாடு, கடல் ஏரிக்குள் நுழைகிற இடம், தண்ணீர் ஏற்றத்தில் இறால் அங்கேதான் முதலில் வரும், அது கிடைத்த வீட்டில் அந்தப் பருவம் கூரை மாறும், காது மூக்கு நிறையும், ஒரு கல்யாணம் நடக்கும். ஊருக்கு ஒரு கேஸ் வந்தால் அதை வாங்கிக்கொள்வதும் அந்த வீடுதான். இதை யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது, நான் வாழ வந்தபோதே இருந்தது. ஒரு ஆள் உள்ளே போனாலும் அடுப்பு அணையாமல் இருக்கக்கூடியது அந்தப் பருவத்தில் அந்த ஒரு வீடுதான், அதுதான் நியாயம். போலீசுக்கும் வசதி, அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும், ஊர் ஒரு ஆளைக் கொடுக்கிறது, அந்த ஆள் ஆமாம் நான்தான் என்கிறான், ஜீப் கிளம்பிவிடும். அதனால் ஜெயில் என்பது எங்கள் ஊரில் பயப்படுகிற காரியமாக இல்லை, முறை வந்தால் செய்கிற காரியம், ஆடி மாசம் கூழ் ஊற்றுவது மாதிரி. எட்டு வருஷத்துக்கு முன்னால் முகத்துவாரம் எங்களுக்கு வந்தது, வீட்டுக்காரர் போனார். சுற்றி வந்து இந்த வருஷம் மறுபடி எங்களுக்கு. பாடு விழுந்த அன்றைக்கு நான் ஆடினேனே ஒரு ஆட்டம், எதிர் வீட்டுக்காரியிடம் மருமகளுக்கு என்ன கலரில் புடவை எடுப்பது என்று கேட்டேனே, மருமகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றே தெரியாமல். அப்போது ஒரு கேஸ் வரும் என்று என் புத்திக்கு ஏன் உறைக்கவில்லை, உறைத்தது, நான்தான் அதைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டேன். அப்பன் போனாரே, பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். எத்திராஜு போகிறேன் என்றார்தான், மனுஷனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, லோகு விடவில்லை, "நைனா ஒரு தபா போய்ட்டு வந்துச்சி, இப்ப நானு" என்று பஞ்சாயத்தில் எழுந்து நின்றுவிட்டான். எழுந்து நின்றபோது எத்தனை பெண்கள் அவனைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வெட்டவெயிலில் செய்த காரியம் அது, ஒளித்து மறைத்துச் செய்ததில்லை. பண்ணையிலிருந்து ஏரிக்கு வருகிற வடிகால் குழாய், ஒரு ஆள் உள்ளே தவழ்ந்து போகலாம், அதிலிருந்து கறுப்பாக நுரை நுரையாக வரும், வந்த நாள்களில் மடவை மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும், நண்டு கரையேறி நடக்கும், எங்கள் கையும் காலும் வெந்துபோகும். மனு கொடுத்தோம், ஆபீசர்கள் வந்தார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள், பண்ணையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மூடச் சொல்லி உத்தரவு வந்தது, பண்ணைக்காரன் அதற்குத் தடை வாங்கிவிட்டான், அவனுக்கு மட்டும் கோர்ட்டு எப்படி அவ்வளவு சீக்கிரம் பேர் கூப்பிட்டது என்று கேட்க வேண்டும் இந்த டவாலியை. அப்புறம்தான் ஊர் இறங்கியது. ஆம்பளைகள் மோட்டாரைக் கழற்றி உடைத்தார்கள், குழாய் வாயில் பாறாங்கல்லை உருட்டினார்கள். பொம்பளைகள் களிமண் சுமந்தோம். கேஸில் பொம்பளை பேர் வராது, ஊரும் கொடுக்காது, போலீசும் கேட்காது. நான் எத்தனை கூடை சுமந்தேன், வேண்டாம், மனதை அந்தப் பக்கம் விடக் கூடாது, இன்றைக்கு நான் பயந்த தாயாக மட்டும் இருக்க வேண்டும், அதுதான் பிள்ளைக்கு நல்லது. ஆனால் மனது சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதியா. கடைசிக் கூடையை நான்தான் கொட்டினேன், கையால் அறைந்து அறைந்து பூசினேன், வீட்டுச் சுவருக்குக்கூட அப்படி ஆசையாகப் பூசியதில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம். காலையில் இறால் தடவ ஏரியில் இறங்கினேன், முட்டிவரை தண்ணீர், கீழே பார்த்தேன், என் கால் தெரிந்தது. விரல் தெரிந்தது, மெட்டி தெரிந்தது. எத்தனையோ வருஷமாகத் தண்ணீருக்குள் நான் பார்க்காத என் சொந்தக் கால். நடுத் தண்ணீரில் நின்று பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன். போதும். அப்புறம் போலீஸ் வந்து நின்று குழாயைத் திறந்து கொடுத்தது, கேஸ் வந்தது, லோகுவைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அதைத்தான் நினைக்க வேண்டும்.

அதை நினைத்தால் அவர் வந்துவிடுகிறார், என் வீட்டுக்காரர், எட்டு வருஷத்துக்கு முன்னால் வெளியே வந்த அன்றைக்கு. அன்றைக்கும் குழாய்தான், அன்றைக்கும் கல்தான். ஊர் மேளம் வைத்து அழைத்து வந்தது. மெலிந்திருந்தார், ஆனால் வாயெல்லாம் பல். "சோறு இன்னா சோறுன்னு நெனச்சிக்கினுகீறீங்க, மாமியார் ஊடு தோத்துச்சி" என்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை, களி கிண்டிய கதை, பிக்பாக்கெட்காரன் ஒருவன் இவருக்குச் சீட்டு வித்தை சொல்லிக்கொடுத்த கதை, வார்டரை ஏமாற்றிப் பீடி குடித்த கதை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள், என் பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டான். நான் மட்டும் அன்றைக்கு மத்தியானம் மீன் குழம்பை ஊற்றிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. மீன்காரன் வீட்டில் பிறந்த மனுஷன். ரொம்ப நாள் கழித்து, நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மொத நாளே கேட்டானுங்கமே, இன்னா தொழிலுன்னு. சொன்னேன். மீன் நாத்தம் அடிக்கிதுன்னு கக்கூசாண்ட படுக்க வெச்சிட்டானுங்க. வெளிய வர்ற வரிக்கும் அங்கதான். செங்கல்லத் தூளாக்கித் தேச்சித் தேச்சிக் குளிச்சேன், தோலு வய்ண்டுகினு வந்துச்சி, நாத்தம் போவலைன்னுட்டானுங்க." அவ்வளவுதான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை வலையைத் தொட்டால் உடனே கை கழுவுகிறார், கழுவிவிட்டு மோந்து பார்க்கிறார், கேட்டால் அலர்ஜி. கக்கூஸ் கதவைச் சாத்த மாட்டார், உள்ளே இருக்கிறேன் என்று தெரிய ஏதாவது பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார், ஊருக்கு அதுவும் ஒரு தமாஷ். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேஸ் சிலிண்டர்காரன் வந்தால்கூட எழுந்து நின்றுவிடுகிறார். இவ்வளவும் எனக்கு மட்டும் தெரியும். அப்படிப்பட்ட மனுஷன் இந்தத் தடவை குழாயை அடைக்கப் பின்வாங்கியிருக்க வேண்டுமா இல்லையா? முதல் கடப்பாரையை எடுத்தது அவர்தான், கை நடுங்கியது, நான் பார்த்தேன், நடுங்கிக்கொண்டேதான் மோட்டாரில் போட்டார். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன், எனக்கு விளங்கவே இல்லை. ஜெயில் அந்த மனுஷனை உருக்குலைத்துவிட்டது, ஆனால் குழாய் பக்கம் போவதை மட்டும் அதனால் நிறுத்த முடியவில்லை. அப்படியானால் எதற்குத்தான் அவரை அங்கே படுக்க வைத்தார்கள்.

பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். இதுதான் காலையிலிருந்து என் தொண்டையில் நிற்கிறது. மாட்டேன் என்று சொல்லுடா என்றால் கேட்க மாட்டான், களி கிண்டிய கதைதான் அவன் மண்டையில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பயப்படுவான். பயப்படட்டும். ஆனால் சொன்னால் அப்பனின் மானம் போய்விடும், எட்டு வருஷமாக அந்த மனுஷன் சிரித்துச் சிரித்துக் கட்டியது. யாருடைய மானம் எனக்கு முக்கியம், புருஷனுடையதா, பிள்ளையின் தோலா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எழுந்தேன், எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது, தூணைப் பிடித்துக்கொண்டேன். "லோகு, போன உள்ள வை" என்றேன். வைத்தான். "வக்கீலம்மா சொன்னத சொல்றியா?" தலையைக் குனிந்துகொண்டான். "உங்க நைனா சொல்ற கதயெல்லாம் பொய்டா. உள்ள அந்தாளு பட்டது ஒனக்குத் தெரியாது. மீன் நாத்தம்னு சொல்லி..." அவன் என் முகத்தையே பார்த்தான். "கக்கூசாண்ட படுக்க வெச்சாங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருடா சொன்னது ஒனக்கு?" "நைனாதான். போட்ல இருக்கசொல்ல சொல்லும். கரையிலதான் சிரிக்கும், தண்ணிக்குப் போய்ட்டா அதயேதான் சொல்லிக்கினு வரும், செங்கல் தூளு, தோலு, எல்லாம். எத்தினியோ தபா கேட்டுக்கீறேன்." எனக்கு முதலில் வந்தது ஆத்திரம், எனக்கு ஒரே தடவை சொன்னதை இவனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், கொடியோரம் நின்று நான் எதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன் இத்தனை நாளாக. "தெரிஞ்சிக்கினேவா பஞ்சாயத்துல எய்ந்து நின்ன?" என்று கேட்டேன். "தெரிஞ்சதாலதாம்மா. நைனா ரெண்டாவது தபா போவக் கூடாதில்ல." பயமுறுத்த வைத்திருந்த ஒரே சாமானும் கையை விட்டுப் போய்விட்டது. அவன் பயத்தோடுதான் நிற்கிறான், இவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் மேல் உதடு வேர்த்திருப்பது தெரிகிறது. அப்போதுதான் டவாலி வந்து அந்தப் பேரைக் கத்தினார்.

உள்ளே மின்விசிறி சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. ஜட்ஜுக்கு ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கில் வைத்து எடுக்கிறார், சின்ன வயசுக்காரர், என் பிள்ளைக்கு ஒரு அண்ணன் இருந்தால் இவர் வயசு இருப்பான். சர்க்கார் வக்கீல் எழுந்து, ஐயா, இதே ஊரில் இதே பண்ணையில் இது இரண்டாவது தடவை, கடுமையாகத் தண்டித்தால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்றார். போன தடவையும் இதே பேச்சைத்தான் பேசினார்கள், அப்போது வேறு வக்கீல், பேச்சு மட்டும் இதே பேச்சு. ஜட்ஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போன தடவை தண்டனை கொடுத்தாங்க இல்லையா?" என்றார். "ஆமாங்கய்யா." "அப்புறமும் செஞ்சிருக்காங்களே?" "அதனாலதாங்கய்யா இந்தத் தடவை அதிகமா கேக்கறோம்." பண்ணைக்காரனும் இறால் செத்தால் இப்படித்தான் செய்வான், கேட்காத மருந்தையே இன்னும் இரண்டு மூட்டை கொட்டுவான். வக்கீலம்மா எழுந்து ஏதோ படித்தார், சின்ன வயசு, முதல் கேஸ் என்பது மட்டும் எனக்குக் கேட்டது. ஊர் ஆம்பளைகள் பின்னால் நிற்கிறார்கள், கோதண்டம் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில், பெஞ்சில். அவர் கை. நான் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தேன். ஒரு கையை இன்னொரு கையால் தேய்க்கிறார், தேய்த்துவிட்டு முகத்தருகே கொண்டுபோகிறார், மறுபடி தேய்க்கிறார், சிரித்த முகம் அப்படியே இருக்கிறது, கை மட்டும் யாருடையதோ மாதிரி தன்பாட்டுக்கு நடக்கிறது. ஜட்ஜ் லோகுவைப் பார்த்து, "ஏம்ப்பா, உன்னை வெளியே விட்டா மறுபடி இதைச் செய்வியா?" என்றார். விசிறி சுற்றியது. சொல்லுடா என்று என் நாக்கு வாய்க்குள்ளேயே புரண்டது, சொல்லாதேடா என்று ஏதோ ஒன்று அதற்கும் அடியில் புரண்டது, அது நான் இல்லை என்று சத்தியம் செய்வேன். லோகு எங்கள் பக்கம் திரும்பினான். என்னைப் பார்க்கவில்லை, அப்பனின் முகத்தையும் பார்க்கவில்லை, மடியில் இருந்த அந்தக் கையைப் பார்த்தான். பிறகு ஜட்ஜிடம் திரும்பி, "மாட்டேங்க" என்றான். "சத்தமா சொல்லுப்பா." "இனிமே செய்ய மாட்டேங்கய்யா." என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது, என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், ஊர் முழுக்கப் பார்க்க, சத்தம் போட்டு, டவாலி வந்து அதட்டுகிறவரைக்கும்.

பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வக்கீலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அவர் அருவருப்புப்படவில்லை, அதற்காகவே அவருக்கு ஆயுசு கெட்டி. வெளியே வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. ஊர் வந்த வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கோதண்டம் அண்ணன் முன் சீட்டிலிருந்து எங்களைப் பார்த்தார், திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். "பஞ்சாயத்துல பேசிக்கலாம் எத்திராஜு" என்றார், அவ்வளவுதான், ஏறு என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு மூன்று பேரும் நடந்தோம். எதை எடுத்து விற்பது, படகு பழசு, யார் வாங்குவார்கள், என் தம்பி ஊரில் கம்பெனி வேலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா, தண்ணீரே கண்ணில் படாத ஊர், அங்கே குழாயும் இல்லை, குழாயை அடைப்பதும் இல்லை, பிழைத்துக்கொள்வான் என்று என் புத்தி கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தது, நெஞ்சு லேசாக இருந்தது, ஆமாம், லேசாகத்தான் இருந்தது, சட்டென்று ஏதோ கழன்று விழுந்துவிட்ட மாதிரி வெறுமையும் இருந்தது, நல்லது நடந்தால் இப்படித்தான் இருக்கும்போல. என் வீட்டுக்காரர் முகத்தைக் கழுவிவிட்டு டீ வாங்கி வருகிறேன் என்று எதிர்க்கடைக்குப் போனார். நானும் லோகுவும் நிழலுக்கு ஒதுங்கி நின்றோம். "ம்மா" என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "பொய்தாம்மா சொன்னேன்." "இன்னாடா?" "நைனா கையப் பாத்தேன். அதுக்கோசரம்தான் அங்க அப்டி சொன்னேன். கொழாய மறுபடியும் தொறந்து வுட்டுக்கினுதான கீறான், நான் இன்னா பண்ணுவேன், பாத்துக்கினு உக்காந்துகினு இருப்பனா? யாரு பாடுன்னாலும் நான் போவேன். நைனாண்ட சொல்லாத." பழையதுக்கும் புதுசுக்கும் சேர்த்து என்று வக்கீலம்மா சொன்னது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் படுக்க வைப்பார்கள் என்று தெரியும். அவனை அங்கேயே நாலு அறை விட்டிருக்க வேண்டும், காலில் விழுந்தாவது சத்தியம் வாங்கியிருக்க வேண்டும், காலையிலிருந்து நான் அதற்குத்தானே உட்கார்ந்திருந்தேன். பயம் வந்தது, வராமல் இல்லை, ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்த சந்தோஷம், பெற்றபோது அவனை முதன்முதலாக என் மேல் போட்டார்களே, அன்றைக்கு வந்த அதே சந்தோஷம், என் பிள்ளையை நானே கொண்டுபோய் அந்தக் கக்கூஸ் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க வைப்பதற்குச் சமமான சந்தோஷம், அதை என்னால் நிறுத்த முடியவில்லை. என் வீட்டுக்காரர் மூன்று டீ கிளாஸையும் இரண்டு கையில் கவ்விக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார், கண் இன்னும் சிவந்திருந்தது. "இன்னாமே, இன்னா சொல்றான் ஒம்புள்ள?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லய்யா, பசிக்குதாம்" என்றேன். "பசிக்காதா பின்ன, காலைலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல" என்று டீயை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே, பன் வாங்க மறுபடியும் கடைக்குப் போனார்.